செய்யலாம், செய்ய வேண்டும்

வேலையில் சேர்ந்த முதல் நாள். பெரிய ஹால் ஒன்றில் எங்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு கட்டு ஃபார்ம் கொடுத்திருந்தார்கள். பி.எஃப்., இன்ஷூரன்ஸ், ரத்த வகை, நாமினி. எனக்குப் பக்கத்தில் என் கல்லூரி நண்பன். நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல். 'தற்போதைய முகவரி' என்ற இடத்தில் இருவரும் சேர்ந்து பிடித்திருந்த மேன்ஷன் அறையின் விலாசத்தை எழுதினோம். அடுத்த வரி 'நிரந்தர முகவரி'. அவன் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து, "டேய், உங்க வீட்டு அட்ரஸ் போட்டுக்கவா?" என்றான்.

அவன் ஆறு வயதிலிருந்து ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன். அது எனக்கு முன்பே தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹாஸ்டல் மெஸ்ஸை மூடும்போது அவன் மட்டும் எங்கேயும் கிளம்பாமல் இருப்பான், அந்த அளவுக்குத் தெரியும். "இல்லத்துக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரலாமேடா" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பதினெட்டு முடிஞ்சா அங்க தங்கக் கூடாதுடா. ரூல்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னான்.

அந்த 'ரூல்' பல வருஷம் மண்டைக்குள் கிடந்தது. யார் போட்டது? ஏன் பதினெட்டு? பிற்பாடு சட்டங்களைப் படிக்கத் தொடங்கியபோது நூல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. இன்று நம்மிடம் இருப்பது 2015ஆம் வருடத்து சிறார் நீதிச் சட்டம். அதற்கு முன் 2000, அதற்கு முன் 1986. இன்னும் பின்னால் போனால் 1920இல் வந்த மதராஸ் குழந்தைகள் சட்டம். இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம் அதுதான், நம்ம ஊரில்தான். அதன் மூலம் எங்கே என்று பார்த்தால் இங்கிலாந்தில் 1908இல் போட்ட குழந்தைகள் சட்டம். அப்படித்தான் நான் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பெற்றோர் இல்லாத, அல்லது இருந்தும் வளர்க்க முடியாத குழந்தைக்கு அரசே பெற்றோர் ஆவது என்றால் என்ன, அந்தப் பொறுப்பு எந்தத் தேதியோடு முடிகிறது என்ற கேள்வியோடு அந்த நாடு 400 வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

*

1601. எலிசபெத் ராணியின் கடைசிக் காலம். ஏழைகளைப் பராமரிப்பது அந்தந்த பேரிஷின் பொறுப்பு என்று ஒரு சட்டம் வருகிறது. பேரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றிய வட்டாரம். அங்குள்ளவர்களிடம் வரி வசூலித்து அதிலிருந்து ஏழைகளுக்குச் செலவு செய்ய வேண்டும். பெற்றோரால் வளர்க்க முடியாத குழந்தைகளை என்ன செய்வது? யாராவது ஒரு எஜமானரிடம் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிடலாம். ஆண்பிள்ளை என்றால் 24 வயது வரை, பெண்பிள்ளை என்றால் 21 வயது அல்லது திருமணம் வரை.

24 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்றைய அரசுகள் பதினெட்டில் கதவைச் சாத்துகின்றன, அந்தக் காலத்திலேயே 24 வரை பார்த்துக்கொண்டார்களா? இல்லை. அது பார்த்துக்கொள்வதற்கான வயது இல்லை, கட்டிப்போடுவதற்கான வயது. பையன் வேலை பழகி முடித்த பிறகும் பல வருடம் கூலியில்லாமல் உழைப்பான், எஜமானருக்கு லாபம். பேரிஷுக்கோ ஒரு வயிறு மிச்சம். 1778இல் ஆண்பிள்ளைகளின் வயதையும் 21ஆகக் குறைத்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆலிவரை யாராவது கொண்டுபோனால் போதும், ஐந்து பவுண்டும் தருகிறோம் என்று ஒர்க்ஹவுஸின் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். வரதட்சணை கொடுத்து அனுப்புவதைப் போல. நாவல் 1837இல் தொடராக வரத் தொடங்கியது. ஏழைகளை ஒர்க்ஹவுஸுக்குள் அடைத்த புதிய சட்டம் அதற்கு மூன்று வருடம் முன்புதான் வந்திருந்தது. டிக்கன்ஸ் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிறகு தர்ம ஸ்தாபனங்களின் காலம். தாமஸ் பர்னார்டோ 1870இல் லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் பையன்களுக்கான தன் முதல் இல்லத்தைத் திறந்தார். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அந்த இல்லங்களில் சோறும் கூரையும் கிடைத்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் வளர்ந்த பிறகு இவர்கள் எங்கே போவார்கள்? அந்தக் கேள்விக்கு விக்டோரியா காலம் கண்டுபிடித்த பதில் கப்பல். 1869 முதல் குழந்தைகளைக் கனடாவுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். ஏற்றுமதி என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அங்குள்ள பண்ணைகளுக்கு வேலையாள் வேண்டும், இங்குள்ள இல்லங்களில் இடம் வேண்டும். கனடாவுக்கு மட்டும் சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன, 1960களின் இறுதிவரை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் செத்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பப்பட்ட குழந்தைகள் உண்டு.

1986இல் நாட்டிங்ஹாமில் சமூகப் பணியாளராக இருந்த மார்கரெட் ஹம்ஃப்ரீஸுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சின்ன வயதில் இங்கிருந்து கப்பலில் அனுப்பப்பட்ட ஒரு பெண், தன் குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். அந்த ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் இது எத்தனை பெரிய விஷயம் என்பது வெளியே வந்தது. 2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அந்தக் குழந்தைகளில் பலர் கிழவர்களாகியிருந்தார்கள், பலர் இல்லை.

*

உலகத்திலேயே அதிக காலம் மேடையில் ஓடிக்கொண்டிருக்கும் நாடகம் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்'. 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கியது, கொரோனா வந்தபோதுதான் நின்றது. மறுபடி ஓடுகிறது. கொலைகாரர் யார் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார்கள். நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் கதையின் அடியில் கிடக்கும் விஷயம் ரகசியமில்லை. ஒரு பண்ணைவீட்டுக்கு வளர்ப்புப் பிள்ளைகளாக அனுப்பப்பட்ட சில குழந்தைகள், அதில் ஒரு குழந்தை கொடுமை தாங்காமல் இறந்துபோகிறது. மீதிக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தப் பயம்தான் நாடகத்தை நடத்திச் செல்கிறது.

இதற்குப் பின்னால் நிஜக் குழந்தை ஒருவன் இருக்கிறான். டென்னிஸ் ஓ'நீல், வயது 12. வேல்ஸில் உள்ள நியூபோர்ட் நகரத்துப் பையன். நியூபோர்ட் கவுன்சில் அவனையும் அவன் தம்பியையும் ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணைக்கு வளர்ப்புப் பிள்ளைகளாக அனுப்பியது. 1945 ஜனவரி 9 அன்று டென்னிஸ் இறந்துபோனான். பட்டினியால் மெலிந்திருந்த உடம்பில் அடித்த காயங்கள். பண்ணைக்காரருக்கு ஆறு வருடச் சிறை கிடைத்தது. வால்டர் மாங்க்டன் தலைமையில் நடந்த விசாரணையில் தெரியவந்தது, பையனை அனுப்பியது ஒரு கவுன்சில், அவன் இருந்த இடம் இன்னொரு கவுன்சிலின் எல்லை, போய்ப் பார்க்க வேண்டியது யார் என்பதில் இருவருக்கும் நடுவே குழப்பம். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்த வகைக் குழப்பம் பழக்கம். ரெண்டு டீம், நடுவில் ஒரு டிக்கெட், "அது அவங்க பார்த்துப்பாங்கன்னு நெனச்சோம்". எங்கள் வேலையில் அதிகபட்சம் ஒரு சர்வர் விழும்.

இந்தச் சாவுக்கு ஆறு மாதம் முன்பே, 1944 ஜூலையில், மார்ஜரி ஆலன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இல்லங்களில் வளரும் குழந்தைகளின் நிலையை விசாரியுங்கள் என்பது அதன் சாரம். மைரா கர்ட்டிஸ் தலைமையிலான குழு 1946இல் அறிக்கை கொடுத்தது. குடும்ப வாழ்க்கை கிடைக்காத குழந்தைகள் சுமார் 1,25,000 பேர் என்றது. விளைவு, 1948ஆம் வருடத்துக் குழந்தைகள் சட்டம். அது நடைமுறைக்கு வந்த நாள் 1948 ஜூலை 5. பிரிட்டனின் இலவச மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். தொடங்கியதும் அதே நாள்தான். பழைய ஏழைச் சட்டம் செத்ததும் அன்றுதான்.

அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவை முதலில் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழந்தையின் நலனுக்கு உகந்த விதத்திலும், அதன் குணமும் திறமையும் வளர வாய்ப்பளிக்கும் விதத்திலும் கவுன்சில் நடந்துகொள்வது கடமை. 'கடமை' என்றே எழுதியிருந்தது. ஐந்து பவுண்டு கொடுத்து ஆலிவரைத் தள்ளிவிட்ட நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் கொஞ்சம் தள்ளிப் போனால் வயது வருகிறது. கவுன்சில் குழந்தையைப் பதினெட்டு வயது வரை தன் பராமரிப்பில் வைத்துக்கொள்ளும். 1948இல் இங்கிலாந்தில் சட்டப்படி ஒருவர் மேஜர் ஆகும் வயது 21. ஓட்டுரிமை 21இல்தான். ஆக, இல்லத்துப் பிள்ளை மட்டும் மேஜர் ஆவதற்கு மூன்று வருடம் முன்பே தனியாக நிற்க வேண்டும்.

பதினெட்டுக்குப் பிறகு உதவியே இல்லையா? இருந்தது, 20ஆவது பிரிவில். முன்பு பராமரிப்பில் இருந்தவர்களின் தங்கும் செலவுக்கும் படிப்புக்கும் 21 வயது வரை கவுன்சில் பணம் கொடுக்க'லாம்'.

*

லாம். எங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள். 1997இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம். இணையத்தின் விதிமுறைகளை எழுதுகிறவர்கள் 'மஸ்ட்' என்று எழுதினால் என்ன அர்த்தம், 'ஷுட்' என்றால் என்ன, 'மே' என்றால் என்ன என்று வரையறுக்கும் ரெண்டு மூணு பக்கக் குறிப்பு. 'மஸ்ட்' என்றால் கட்டாயம், மறு பேச்சில்லை. 'மே' என்றால் முழுக்க உன் விருப்பம். ஒருவர் செய்வார், இன்னொருவர் விட்டுவிடுவார், இரண்டுமே சரி. ரெண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதில் சண்டை வரக் கூடாது என்பதற்காக இத்தனை கவனம்.

1948க்குப் பிறகு 50 வருடம், இல்லத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகளின் வாழ்க்கை இந்த 'லாம்' மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கொடுக்கும் கவுன்சில் கொடுத்தது. கொடுக்காத கவுன்சில் சட்டத்தை மீறவில்லை. எந்த ஊரில் பிறந்தாய் என்பதைப் பொறுத்தது உன் யோகம்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். 1977இல் 'ஹூ கேர்ஸ்?' என்ற புத்தகம் வந்தது. பராமரிப்பில் இருக்கும் இளைஞர்களே தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசிய புத்தகம். 1979இல் அவர்களே நடத்தும் தேசிய சங்கம் ஒன்று உருவானது, சுருக்கமாக நேபிக். அவர்கள் எதிர்த்த விஷயங்களில் ஒன்று துணி வாங்கும் முறை. கவுன்சில் கொடுக்கும் ஆர்டர் சீட்டை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட கடைக்குத்தான் போக வேண்டும். கல்லாவில் எல்லோரும் காசு எடுக்கும்போது இவர்கள் சீட்டை நீட்ட வேண்டும். எங்கள் ஹாஸ்டலில் ஃபீஸ் கவுன்ட்டரில் ஸ்காலர்ஷிப் பையன்களுக்குத் தனி வரிசை இருந்தது, அதை நினைத்துக்கொண்டேன்.

இன்னொருவர் கேட்டது காசும் இல்லை, துணியும் இல்லை. தன்னைப் பற்றிய ஃபைலை. கிரஹாம் காஸ்கின் லிவர்பூல் நகர கவுன்சிலின் பராமரிப்பில் 1960 செப்டம்பரில், ஒரு வயதுகூட ஆகாத குழந்தையாகச் சேர்ந்தவர். 1977 டிசம்பர் 2, பதினெட்டு முடிந்த நாளில் அந்தப் பராமரிப்பு முடிந்தது. நடுவே பல வீடுகள். தான் எங்கெங்கே இருந்தோம், தனக்கு என்ன நடந்தது, யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். கவுன்சிலிடம் இருந்த ஃபைலில் சுமார் 352 ஆவணங்கள், 46 பேர் எழுதியவை. அவர்கள் ரகசியம் காக்கப்படும் என்று நம்பி எழுதினார்கள், ஆகவே காட்ட முடியாது என்றது கவுன்சில். எழுதியவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டு, 1986இல் 65 ஆவணங்கள் மட்டும் கொடுக்கப்பட்டன. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 1989 ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் சம்மதிக்காதபோது கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க நடுநிலையான ஒருவர் இருந்திருக்க வேண்டும், அப்படி ஓர் ஏற்பாடு இல்லாதது அவருடைய தனிப்பட்ட வாழ்க்கைக்கான உரிமையை மீறுகிறது என்றது நீதிமன்றம்.

இந்த வழக்கைப் படித்த அன்று இரவு அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். நான் எத்தனை மாசத்தில் நடந்தேன் என்று கேட்டேன். "பத்து மாசத்துல. ஆடிப்பெருக்கன்னைக்கு, அத்தை வீட்டுத் திண்ணையில" என்று யோசிக்காமல் சொன்னாள். நமக்கெல்லாம் ஃபைல் இப்படித்தான் இருக்கிறது. அம்மாவிடம் கொஞ்சம், சித்தப்பாவிடம் கொஞ்சம், பீரோவுக்குள் ஒரு ஆல்பம். காஸ்கினின் பால்யம் ஒரு அலுவலக அலமாரியில் இருந்தது. அதைத் திறக்க அவர் வேறொரு நாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

*

1988இல் மார்கரெட் தாட்சர் அரசு 16, 17 வயதினருக்கான அரசு உதவித்தொகையைப் பெரும்பாலும் நிறுத்தியது. அந்த வயதில் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும், அல்லது தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது வாதம். வீடு இருப்பவர்களுக்குச் சரி. இல்லத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்களுக்கு? அந்தக் காலத்தில் பலர் பதினெட்டு வரைகூட இருப்பதில்லை, பதினாறிலேயே வெளியே அனுப்பப்பட்டார்கள். லண்டன் தெருக்களில் படுத்துக்கிடந்த இளைஞர்களில் பராமரிப்பில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி பத்திரிகைகளில் வரத் தொடங்கியது.

1989இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. அதன் 24ஆவது பிரிவு வெளியேறும் இளைஞருக்குக் கவுன்சில் செய்ய வேண்டியவை என்று மூன்றைச் சொல்கிறது. அறிவுரை சொல்ல வேண்டும், உதவ வேண்டும், நட்புக் கொள்ள வேண்டும். ஆமாம், ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் நட்பு ஒரு கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கடமை 21 வயதை எட்டும்போது முடிந்துவிடும். காசு கொடுக்கும் இடத்தில் பழையபடி 'லாம்'.

அந்த 'லாம்' மாறியது 2000இல். 'பராமரிப்பை விட்டு வெளியேறும் குழந்தைகள் சட்டம்' என்றே அதற்குப் பெயர். 2001 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 16, 17 வயதில் வெளியேறுகிறவர்களின் தங்குமிடத்துக்கும் செலவுக்கும் கவுன்சிலே பொறுப்பு என்றானது. சீக்கிரம் வெளியே தள்ளினால் கவுன்சிலுக்குச் செலவு மிச்சமாகும் என்ற கணக்கு அன்றோடு அடிபட்டுப்போனது. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு ஆலோசகர். அடுத்து என்ன படிப்பு, எங்கே தங்குவது, கையில் காசு எப்படி என்று எழுதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தும் ஒரு திட்டம். 21 வரை, படித்துக்கொண்டிருந்தால் 24 வரை. 1601இன் 24 மறுபடி வந்துவிட்டது, இந்தமுறை கட்டிப்போட இல்லை.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி இன்னொன்று. அந்த இளைஞரோடு கவுன்சில் தொடர்பில் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்துபோனால் மறுபடி கண்டுபிடிக்க முயல வேண்டும். 16, 17 வயதுக்காரர் என்றால் தாமதிக்காமல் தேடத் தொடங்கி, கிடைக்கும்வரை தேட வேண்டும். வீட்டை விட்டு ஓடிப்போன மகனைத் தேடிக் கோயம்பேட்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கும் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அப்பாவைச் சட்ட மொழியில் எழுதினால் இந்த வரி வரும்.

அதன் பிறகு எல்லை மெல்ல நகர்ந்தது. 2014 சட்டத்தின்படி வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை, இரு தரப்புக்கும் சம்மதமென்றால் 21 வரை அதே வீட்டில் இருக்க கவுன்சில் உதவ வேண்டும். ஆனால் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பை அந்தச் சட்டம் தரவில்லை. 2017 சட்டம் ஆலோசகரின் உதவியை, கேட்பவர்களுக்கெல்லாம், 25 வரை நீட்டியது. சட்டம் நீண்ட அதே காலத்தில் கவுன்சில்களின் நிதி வெட்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 31 கணக்குப்படி இங்கிலாந்தில் பராமரிப்பில் இருந்த குழந்தைகள் 83,840 பேர். எண்ணிக்கை கூடக் கூட ஒரு ஆலோசகரின் மேசையில் இருக்கும் பெயர்களும் கூடும். நட்புக்கொள்ள நேரம் வேண்டுமே.

*

2019இல் லெம் சிசே என்ற கவிஞர் தன் இளமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 'மை நேம் இஸ் வை'. அவர் அம்மா எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த மாணவி. 1967இல் குழந்தை பிறந்தது. சமூகப் பணியாளர் அந்தக் குழந்தைக்குத் தன் சொந்தப் பெயரையே வைத்தார், நார்மன். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வளர்த்தார்கள். இவர்கள்தான் உன் அப்பா அம்மா, என்றைக்கும் இவர்கள்தான் என்று நம்பி வளர்ந்த பையனைப் பன்னிரண்டு வயதில் கவுன்சிலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள் இல்லங்கள். வெளியேறும் வயதில் கைக்கு வந்த பிறப்புச் சான்றிதழில்தான் தன் நிஜப் பெயரைப் பார்க்கிறார். கூடவே, தன் பிள்ளையைத் திருப்பித் தரும்படி 1968இல் அம்மா எழுதிய கடிதம். ஃபைல் முழுதாகக் கைக்கு வர இன்னும் முப்பது வருடம் போல ஆனது. அது கிடைத்த 2015இல்தான் அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இந்த எல்லாச் சட்டங்களையும்விட நெருக்கமாகத் தெரிகிறது. 2013இல் மான்செஸ்டரில் பராமரிப்பிலிருந்து வெளியேறிய இளைஞர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று மதிய விருந்து ஒன்றைத் தொடங்கினார். 18இலிருந்து 25 வயதுக்காரர்கள். நல்ல சாப்பாடு, ஒவ்வொருவருக்கும் பரிசு. கிறிஸ்துமஸ் அன்று அங்கே பஸ், ரயில் ஏறக்குறைய கிடையாது. கடைகள் மூடியிருக்கும். போக வீடு இல்லாதவனுக்கு வருடத்தின் மிக நீளமான நாள் அது. அது பிறகு வேறு பல ஊர்களுக்கும் பரவியது. மெஸ் மூடிய ஹாஸ்டலில் பொங்கலன்று என் நண்பன் என்ன சாப்பிட்டிருப்பான் என்று நான் யோசித்ததே இல்லை. இதைப் படித்த பிறகுதான் கேட்டேன். "பன்னும் டீயும்தான். பொங்கலன்னைக்கு ஹோட்டல் இருக்காதுல்ல" என்றான்.

2022இல் இங்கிலாந்து அரசுக்காக ஜோஷ் மக்காலிஸ்டர் தயாரித்த அறிக்கை ஒரு இலக்கை வைத்தது. 2027க்குள், அன்பான உறவுகள் இரண்டாவது இல்லாமல் எந்த இளைஞரும் பராமரிப்பை விட்டு வெளியேறக் கூடாது. குறைந்தபட்சம் ரெண்டு பேர். 420 வருடச் சட்ட வரலாறு கடைசியில் வந்து நின்ற இடம் இது. அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்ய முடியாது என்று சொல்லி இதைத் தள்ளிவிடலாம், நியாயம்தான். ஆனால் இந்த வரலாற்றைப் படித்த பிறகு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. சட்டத்தால் அன்பைக் கொடுக்க முடியாது, அன்பு வந்துசேரும்வரை கதவைத் திறந்து வைத்திருக்க முடியும். வாடகை கட்டலாம், ஃபீஸ் கட்டலாம், காணாமல் போனால் தேடலாம். அதைக்கூட 'லாம்' என்று விட்டுவிட்டால் மீதி எல்லாம் அதிர்ஷ்டம்.

*

இப்போது நம்ம ஊர். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு ஒற்றை வாக்கியம்தான். பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறும் குழந்தைக்கு, சமூகத்தின் பொது ஓட்டத்தில் இணைவதற்காக நிதியுதவி வழங்கப்படலாம். அதே இடம், அதே 'லாம்'. 2016ஆம் வருடத்து மாதிரி விதிகள் பின்பராமரிப்பை 21 வரை, விசேஷக் காரணம் இருந்தால் 23 வரை என்று சொல்கின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 ரூபாய். இருக்கிறது, இல்லாமலில்லை. ஆனால் இல்லத்தை விட்டு வெளியே வரும் பதினெட்டு வயதுப் பிள்ளை "இது என் உரிமை, கொடுங்கள்" என்று கேட்கும்படி அந்த வாக்கியம் எழுதப்படவில்லை. யாராவது அதிகாரி அக்கறை எடுத்துக்கொண்டால் கிடைக்கும், ஒரு நல்ல வார்டன் ஞாபகம் வைத்து விண்ணப்பம் போட்டால் கிடைக்கும்.

1920இல் இங்கிலாந்தைப் பார்த்துச் சட்டம் போட்டோம். அதற்குப் பிறகு அவர்கள் பட்ட அடிகளையும் திருத்திக்கொண்ட சொற்களையும் பார்த்து எழுத நமக்கு 2015இல் வாய்ப்பிருந்தது. பதினைந்து வருடம் முன்பே அவர்கள் மாற்றியிருந்த ஒரு சொல். தமிழில் எழுதினால் 'லாம்' போய் 'வேண்டும்' வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் நண்பனுக்கு ஒரு நிரந்தர முகவரி கிடைத்தது, ஏனென்றால் அன்று அந்த ஹாலில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேறு யார் பக்கத்திலாவது உட்கார்ந்திருந்தால்? கேட்கக் கூச்சப்பட்டு அந்த வரியைக் காலியாக விட்டிருந்தால்? இதை அவனிடமே ஒருநாள் கேட்டேன். "வார்டன் அட்ரஸ் போட்டிருப்பேன். அவர் ரிட்டயர் ஆனப்புறம் லெட்டர் எல்லாம் திரும்பிப் போயிருக்கும்" என்று சிரித்தான்.

இப்போது அவனுக்குச் சொந்தமாக ஃபிளாட் இருக்கிறது. ஆனால் பழைய பேங்க் கணக்கிலும் எல்.ஐ.சி.யிலும் எங்கள் வீட்டு விலாசம்தான், மாற்றவேயில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு கவர் அவன் பேருக்கு எங்கள் ஊருக்கு வரும். அம்மா பிரிக்க மாட்டாள். டிவி மேல் வைத்துவிட்டு அவனுக்கு ஃபோன் பண்ணுவாள். "தம்பி, உனக்கு ஒரு தபால் வந்திருக்கு. எப்ப வர்றே?"